எந்தச் சமன்பாட்டைப் போடுறது? சீரான ஆர்முடுகல் கணக்குகளுக்கு ஒரு தொடக்கம்

"சித்தப்பா, மூண்டு சமன்பாடும் பாடம். எதைப் போடுறது எண்டுதான் தெரியேல்ல."

அண்ணன் மகள் இதைச் சொன்னபோது உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கத் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில் அவளுடைய கொப்பி விரிந்து கிடந்தது. ஒரு பக்கம் முழுக்க மூன்று சமன்பாடுகளும் சிவப்புப் பேனையால் பெட்டி கட்டி எழுதப்பட்டிருந்தன. அடுத்த பக்கத்தில் ஒரு ரயில் கணக்கு. பம்பலப்பிட்டியில் புறப்பட்டு வெள்ளவத்தையில் நிற்க வேண்டிய ரயில். அவள் கண்டுபிடித்திருந்த வேகத்தை மணிக்குக் கிலோமீற்றரில் மாற்றிப் பார்த்தேன். ஏறத்தாழ 153.

"பிள்ளை, உன்ர கோச்சி வெள்ளவத்தையில நிக்காது, நேரே காலிக்குத்தான் போகும்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

அந்த ரயிலுக்குப் பிறகு வருவோம். அதற்கு முன் ஒரு பஸ்ஸில் ஏற வேண்டியிருக்கிறது.

காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ். இருக்கை இல்லை, மேல்கம்பியைப் பிடித்து நிற்கிறீர்கள். பஸ் கிளம்பும்போது உடம்பு பின்னால் சாய்கிறது. பிறகு ஒரே வேகத்தில் ஓடும்போது சும்மா நிற்கலாம், கம்பியை விட்டுவிட்டுப் பொக்கற்றில் சில்லறை தேடலாம். சிக்னல் சிவப்பாகிறது, சாரதி பிரேக்கை அழுத்துகிறார், எல்லோரும் முன்னால் சரிகிறோம். கொண்டக்டர் "இஸ்ஸரஹட்ட யன்ன" (முன்னுக்குப் போங்கள்) என்று அரை மணி நேரமாகக் கத்தியும் நகராத கூட்டம் ஒரே பிரேக்கில் முன்னால் போய்விடும்.

கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் இந்த மூன்றையும் பிரித்தறியலாம். ஆனால் பஸ் மணிக்கு 20இல் போகிறதா 50இல் போகிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வது கஷ்டம். உடம்புக்கு வேகம் தெரிவதில்லை, வேகம் மாறுவதுதான் தெரிகிறது. அந்த மாற்றம் ஒரு செக்கனுக்கு எவ்வளவு என்பதுதான் ஆர்முடுகல்.

இங்கே சொற்களைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இணையத்தில் தமிழில் தேடிப் படிக்கும் பிள்ளைகள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். இலங்கைப் பாடநூலில் கதி என்றால் எவ்வளவு விரைவு என்பது மட்டும். வேகம் என்றால் விரைவோடு திசையும் சேர்ந்தது. தமிழ்நாட்டுப் பாடநூலில் முதலாவதைத்தான் வேகம் என்கிறார்கள், திசை சேர்ந்தால் திசைவேகம். நாங்கள் ஆர்முடுகல் என்பதை அங்கே முடுக்கம் என்பார்கள். ஒரே சொல் இரண்டு இடத்தில் இரண்டு பொருளில் வருகிறது, கவனம். நான் கொழும்புக்காரன், எங்கள் வழக்கில்தான் எழுதுகிறேன்.

சீரான ஆர்முடுகல் என்றால், ஒவ்வொரு செக்கனிலும் வேகம் ஒரே அளவு மாறுகிறது. ஒரு மோட்டார் சைக்கிள் நின்ற இடத்திலிருந்து கிளம்புகிறது, ஆர்முடுகல் 2 என்று வையுங்கள். தொடக்கத்தில் வேகம் 0. ஒரு செக்கன் கழித்து செக்கனுக்கு 2 மீற்றர். அடுத்து 4, அடுத்து 6, நான்காவது செக்கன் முடிவில் 8. இதில் யாருக்கும் சிக்கல் வருவதில்லை.

சிக்கல் தூரத்தில் வருகிறது. நான்கு செக்கனில் எவ்வளவு தூரம் போயிருக்கும்? வேகம் 8, நேரம் 4, ஆகவே 32 மீற்றர் என்று பாதிப் பேர் சொல்வார்கள். அந்த 8 கடைசிக் கணத்தில்தான் கிடைத்தது. அதுவரை வண்டி அதைவிட மெதுவாகத்தான் ஓடியது. 0இல் தொடங்கி 8இல் முடிந்தது, வேகம் ஒரே சீராக ஏறியது, அப்படியென்றால் சராசரி 4. நான்கு செக்கனுக்கு 16 மீற்றர்.

தொடக்கத்தையும் முடிவையும் கூட்டி இரண்டால் வகுத்தால் சராசரி வந்துவிடும் என்பது ஆர்முடுகல் சீராக இருக்கும்போது மட்டும் செல்லுபடியாகும். இந்த விஷயத்தை 14ஆம் நூற்றாண்டிலேயே ஒக்ஸ்போர்டின் மேர்ட்டன் கல்லூரியில் இருந்தவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அதே நூற்றாண்டில் பிரான்ஸில் நிக்கோல் ஒரேம் என்பவர் அதைப் படமாகவே வரைந்து காட்டினார். கலிலியோ பிறப்பதற்கு ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முன்பு.

படம் என்று நான் சொல்வது வேக நேர வரைபை. கிடையாக நேரம், நிலைக்குத்தாக வேகம். ஆர்முடுகல் சீராக இருந்தால் கோடு நேர்கோடு, அதன் படித்திறன்தான், அதாவது சாய்வுதான், ஆர்முடுகல். கோட்டுக்குக் கீழே இருக்கும் பரப்பளவு போன தூரம். நமது மோட்டார் சைக்கிளுக்கு அது ஒரு முக்கோணி: அடி 4, உயரம் 8, பரப்பளவு 16. சற்று முன் சராசரி போட்டுக் கண்டுபிடித்த அதே 16.

அந்த முக்கோணியைச் செக்கன் செக்கனாக வெட்டிப் பாருங்கள். முதல் செக்கனில் 1 மீற்றர், இரண்டாவதில் 3, மூன்றாவதில் 5, நான்காவதில் 7. ஒற்றை எண்கள் வரிசையாக வருகின்றன. எந்த ஆர்முடுகலாக இருந்தாலும், ஓய்விலிருந்து புறப்பட்டால், சம நேர இடைவெளிகளில் போகும் தூரங்கள் இந்த 1, 3, 5, 7 விகிதத்தில்தான் இருக்கும். கலிலியோ ஒரு மரச் சட்டத்தில் தவாளிப்பு வெட்டி, அதைச் சாய்த்து வைத்து, வெண்கலக் குண்டை உருட்டிச் சோதித்ததும் இதைத்தான். அவரிடம் செக்கன் காட்டும் கடிகாரம் இல்லை. ஒரு பாத்திரத்திலிருந்து மெல்லிய குழாய் வழியே ஒழுகிய தண்ணீரை நிறுத்துப் பார்த்து நேரத்தை அளந்தார். அதை 1638இல் அச்சிலும் போட்டார். எங்கள் கையில் இப்போது ஸ்லோமோஷன் எடுக்கும் போன் இருக்கிறது. ஒரு கரம் போர்ட்டின் ஒரு பக்கத்தின் கீழே இரண்டு கொப்பியை வைத்து ஒரு மாபிளை விட்டுப் படம் எடுத்தால் போதும், நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இனி சமன்பாடுகள். ஒரு சீரான ஆர்முடுகல் கதையில் ஐந்தே ஐந்து கணியங்கள்தான் உண்டு: தொடக்க வேகம், இறுதி வேகம், ஆர்முடுகல், நேரம், இடப்பெயர்ச்சி (புறப்பட்ட இடத்திலிருந்து எந்தத் திசையில் எவ்வளவு தூரத்தில் முடிந்தது என்பது). வகுப்பில் யூ, வீ, ஏ, ரீ, எஸ் என்பார்கள். நான் இங்கே வேண்டுமென்றே சொற்களாகவே எழுதுகிறேன். எழுத்துகளைப் பாடமாக்கிய பிள்ளைக்கு யூ என்பது ஏதோ ஒரு எழுத்து. தொடக்க வேகம் என்று எழுதினால் "எதன் தொடக்கம்?" என்ற கேள்வி தானாக வரும். அந்தக் கேள்வி வந்துவிட்டால் பாதிக் கணக்கு முடிந்த மாதிரி.

இறுதி வேகம் = தொடக்க வேகம் + ஆர்முடுகல் × நேரம்

இது வரைவிலக்கணமேதான், வேறொன்றும் இல்லை.

இடப்பெயர்ச்சி = தொடக்க வேகம் × நேரம் + ½ × ஆர்முடுகல் × நேரம்²

இது வரைபின் பரப்பளவு. வண்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் கோடு பூச்சியத்தில் தொடங்காது. கீழே ஒரு செவ்வகம், அதன் தலையில் ஒரு முக்கோணி. முதல் உறுப்பு செவ்வகம், இரண்டாவது முக்கோணி. அந்த ½ எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பலர் முழிக்கிறார்கள். முக்கோணியின் பரப்பளவில் இருக்கும் அதே அரைதான்.

இறுதி வேகம்² = தொடக்க வேகம்² + 2 × ஆர்முடுகல் × இடப்பெயர்ச்சி

முதலிரண்டிலிருந்தும் நேரத்தை நீக்கினால் இது வரும். இவற்றோடு பாடநூல்கள் சில வேளை பெட்டி கட்டாமல் விட்டுவிடுகிற ஒன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது:

இடப்பெயர்ச்சி = (தொடக்க வேகம் + இறுதி வேகம்) ÷ 2 × நேரம்

சராசரி வேகம் தர நேரம், அவ்வளவுதான்.

இப்போது "எதைப் போடுறது" என்ற கேள்விக்குப் பதில் சொல்லலாம். ஒவ்வொரு சமன்பாட்டிலும் ஐந்தில் ஒன்று இல்லை என்பதைக் கவனித்தீர்களா? முதலாவதில் இடப்பெயர்ச்சி இல்லை. இரண்டாவதில் இறுதி வேகம் இல்லை. மூன்றாவதில் நேரம் இல்லை. நான்காவதில் ஆர்முடுகல் இல்லை. கணக்கை வாசித்ததும் ஐந்து பெயரையும் கொப்பியில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுங்கள். தந்திருப்பதற்கு எதிரே எண்ணைப் போடுங்கள், கேட்டிருப்பதற்கு எதிரே கேள்விக்குறி. ஐந்தில் மூன்று தெரிந்தால் போதும். தரவும் இல்லை, கேட்கவும் இல்லை என்று ஒன்று மிஞ்சும். அது இல்லாத சமன்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மிஞ்சியது தொடக்க வேகம் என்றால் மட்டும் இந்த நான்கில் அப்படியொன்று இல்லை, முதலில் அதையே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

எண்ணைப் போடுமுன் அலகு. மணிக்குக் கிலோமீற்றரில் தந்திருந்தால் 3.6 ஆல் வகுத்து செக்கனுக்கு மீற்றராக்க வேண்டும். 18 என்பது 5, 36 என்பது 10, 54 என்பது 15, 72 என்பது 20. கணக்குப் போடுகிறவர்கள் இந்த நான்கையும்தான் திரும்பத் திரும்பத் தருவார்கள், பார்த்ததும் கை தானாக மாற்றிவிடும்.

சரி, ரயில். கணக்கு இதுதான். ஓய்விலிருந்து புறப்படும் ரயில் 0.5 ஆர்முடுகலுடன் 30 செக்கன் போகிறது. பிறகு மாறா வேகத்தில் ஓடுகிறது. கடைசியில் 0.75 அமர்முடுகலுடன் (வேகம் ஒரு செக்கனுக்குக் குறையும் அளவு) வந்து அடுத்த நிலையத்தில் நிற்கிறது. இரண்டு நிலையங்களுக்கும் இடையே 1800 மீற்றர். மொத்தம் எவ்வளவு நேரம்? (1800 என்பது கணக்குக்காக வைத்த எண். தண்டவாளத்தை யாரும் போய் அளந்துவிடாதீர்கள்.)

பிள்ளை என்ன செய்திருந்தாள்? தொடக்க வேகம் 0, ஆர்முடுகல் 0.5, இடப்பெயர்ச்சி 1800, நேரம் கேள்விக்குறி. இரண்டாவது சமன்பாட்டில் தூக்கிப் போட்டிருந்தாள். நேரத்தின் வர்க்கம் 7200, நேரம் சுமார் 85 செக்கன். அட்சரகணிதத்தில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அந்த ரயில் 1800 மீற்றரும் ஆர்முடுகிக்கொண்டே போயிருக்கிறது. முடிவில் வேகம் செக்கனுக்கு 42 மீற்றரைத் தாண்டிவிட்டது, அதுதான் மணிக்கு 153. பிளாட்போர்மில் நிற்கிறவர்கள் ஒரு காற்றை மட்டும்தான் உணர்ந்திருப்பார்கள்.

சமன்பாடு கேட்கிற ஒரே நிபந்தனை, தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையில் ஆர்முடுகல் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது. இந்தக் கதையில் ஆர்முடுகல் மூன்று: 0.5, பிறகு 0, பிறகு மறை 0.75. ஆகவே இது ஒரு கணக்கு இல்லை, மூன்று கணக்கு. ஒரு கட்டத்தின் இறுதி வேகம் அடுத்த கட்டத்தின் தொடக்க வேகம், அந்த ஒரு முடிச்சுத்தான் மூன்றையும் கட்டி வைத்திருக்கிறது.

"பேனையைக் கீழ வை. முதல்ல படத்தைக் கீறு" என்றேன்.

கீறினாள். ஏறுகிற ஒரு கோடு, கிடையான ஒரு கோடு, இறங்குகிற ஒரு கோடு. சரிவகம். உச்ச வேகம் 0.5 × 30, அதாவது 15. இறங்குவதற்கு 15 ÷ 0.75, அதாவது 20 செக்கன். இடது முக்கோணியின் பரப்பளவு ½ × 30 × 15 = 225. வலது முக்கோணி ½ × 20 × 15 = 150. 1800இல் மீதி 1425 மீற்றர், அது நடுச் செவ்வகம், உயரம் 15, ஆகவே அகலம் 95 செக்கன். 30 + 95 + 20. மொத்தம் 145 செக்கன்.

கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், "சமன்பாடே போடேல்லையே" என்றாள். உண்மைதான். சிவப்புப் பெட்டி கட்டிய பக்கத்தை அவள் புரட்டக்கூட இல்லை. உச்ச வேகமும் மணிக்கு 54 கிலோமீற்றர், ஒரு கோச்சிக்குப் பொருந்துகிற வேகம். விடை வந்ததும் அதை ஊரில் கொண்டுபோய் வைத்துப் பார்க்கிற இந்தப் பழக்கம் பரீட்சையில் எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது.

கட்டம் பிரிப்பதற்கு இன்னொன்று. காலி வீதியில் ஓட்டோ ஒன்று மணிக்கு 36இல் போகிறது. 20 மீற்றர் முன்னால் ஒரு நாய் வீதிக்கு நடுவே வந்து நிற்கிறது. சாரதி அதைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக 0.8 செக்கன் ஆகிறது, பிரேக் பிடித்தால் அமர்முடுகல் 5. முதல் கட்டத்தில் ஆர்முடுகல் இல்லை, 10 × 0.8, 8 மீற்றர். இரண்டாவது கட்டத்தில் தொடக்க வேகம் 10, இறுதி வேகம் 0, நேரத்தை யாரும் கேட்கவில்லை. அப்படியென்றால் மூன்றாவது சமன்பாடு: 0 = 100 − 10 × தூரம், 10 மீற்றர். கூட்டினால் 18. நாய்க்கு 2 மீற்றர் மிச்சம்.

அதே ஓட்டோ 54இல் வந்திருந்தால்? சாரதி பிரேக்கைத் தொடுமுன்பே 12 மீற்றர் போய்விட்டது. நாய்க்கு இன்னும் 8 மீற்றர்தான். 225 − 2 × 5 × 8 = 145, வர்க்கமூலம் சுமார் 12. மணிக்கு 43 கிலோமீற்றர். முதல் ஓட்டோ முழுதாக நின்று முடித்த இடத்தையும் தாண்டி, இந்த ஓட்டோ முதலாவது ஓடத் தொடங்கிய வேகத்தைவிடக் கூடிய வேகத்தில் நாயிடம் போய்ச் சேருகிறது. 36க்கும் 54க்கும் இடையில் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும். நிற்கும் தூரத்தில் வேகத்தின் வர்க்கம் இருக்கிறது, அதுதான் காரணம். எனக்கு இந்த எண் தெரிந்த நாளிலிருந்து ஓட்டோவின் பின்சீற்றில் நிம்மதி குறைந்துவிட்டது.

அடுத்தது குறி. நேர், மறை. இதில்தான் கெட்டிக்காரப் பிள்ளைகளும் சறுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

எங்கள் தொடர்மாடியில் லிப்ட் வேலை செய்யாத நாட்களில் யாராவது கீழே வந்து நின்று கூப்பிட்டால், மாமி பால்கனியிலிருந்து கேற் சாவியை எறிவார். நேரே கீழே விட்டால் கீழ் வீட்டுக் கொடியில் காயும் உடுப்பில் சிக்கும் என்பதால் சற்றே மேல்நோக்கித் தூக்கி எறிவார். மேல்நோக்கிய வேகம் செக்கனுக்கு 5 மீற்றர், பால்கனி தரையிலிருந்து 10 மீற்றர் உயரம் என்று வைப்போம். சாவி எப்போது தரையில் விழும்?

ஈர்ப்பு ஆர்முடுகல் கொழும்பில் சுமார் 9.78. மத்திய கோட்டுக்குக் கிட்ட இருப்பதால் நமக்குத் துருவத்தில் இருப்பதைவிடக் கொஞ்சம் குறைவு. கணக்குக்கு 10 என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு திசையை முதலில் நேர் என்று தெரிவு செய்யுங்கள். மேல்நோக்கி நேர் என்போம். தெரிவு உங்களுடையது, ஆனால் நடுவழியில் மாற்றக்கூடாது. தொடக்க வேகம் +5. ஈர்ப்பு கீழே இழுக்கிறது, ஆகவே ஆர்முடுகல் −10. இடப்பெயர்ச்சி? சாவி மேலே போய்த் திரும்பி வந்தது, வழியில் என்னென்னவோ நடந்தது, அதெல்லாம் இடப்பெயர்ச்சிக்குத் தேவையில்லை. புறப்பட்ட இடத்துக்குக் கீழே 10 மீற்றரில் முடிந்தது. ஆகவே −10.

இங்கே பலர் சாவி மேலே போகிற கட்டம், கீழே வருகிற கட்டம் என்று இரண்டாகப் பிரிப்பார்கள். பிரித்தாலும் விடை சரியாக வரும். ஆனால் தேவையில்லை. ரயிலைப் பிரித்தது ஆர்முடுகல் மாறியதால். சாவிக்கு மேலே போகும்போதும் −10, உச்சியிலும் −10, கீழே வரும்போதும் −10. உச்சியில் வேகம் பூச்சியம், ஆகவே ஆர்முடுகலும் பூச்சியம் என்று எழுதுகிற பிழையை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். உச்சியில் ஆர்முடுகலும் பூச்சியமாகிவிட்டால் வேகம் மாறுவதற்கு வழியே இல்லை. சாவி அங்கேயே அந்தரத்தில் தொங்கும், மாமி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

எண்களைப் போட்டால் −10 = 5 × நேரம் − 5 × நேரம்². ஐந்தால் வகுத்து ஒழுங்குபடுத்தினால், நேரம்² − நேரம் − 2 = 0. காரணிப்படுத்தினால் நேரம் 2, அல்லது −1.

2 செக்கன் என்று எழுதிவிட்டு −1ஐ வெட்டிவிடச் சொல்லித் தருவார்கள். வெட்டலாம், தப்பில்லை. ஆனால் அந்த −1 பொய்யான எண் அல்ல. மாமி எறிவதற்கு ஒரு செக்கன் முன்பு யாரோ தரையிலிருந்து செக்கனுக்கு 15 மீற்றர் வேகத்தில் ஒரு சாவியை மேலே எறிந்திருந்தால், அது சரியாகப் பால்கனியைக் கடக்கும் கணத்தில் 5 மீற்றர் வேகத்தில் மேலே போய்க்கொண்டிருக்கும். அதற்குப் பிறகு அந்தச் சாவிக்கும் மாமியின் சாவிக்கும் வித்தியாசமே கிடையாது. சமன்பாட்டுக்கு மாமியைத் தெரியாது. அதற்குத் தெரிந்தது அந்தப் பாதை மட்டும், பாதையை இரண்டு பக்கமும் நீட்டித் தரையைத் தொடும் இரண்டு நேரத்தையும் சொல்லிவிடுகிறது. கதைக்கு எது பொருந்தும் என்று பார்ப்பது நமது வேலை.

தரையைத் தொடும்போது வேகம் 5 − 10 × 2 = −15. மறை என்றால் கீழ்நோக்கி. 15 என்றால் மணிக்கு 54 கிலோமீற்றர், வெறுங்கையால் சாவிக்கொத்தைப் பிடிக்க நினைப்பவர் யோசிக்கட்டும்.

காற்றுத் தடையை நான் பேசாமல் விட்டதைக் கவனித்திருப்பீர்கள். சாவிக்கு 10 மீற்றரில் அது பெரிய விஷயமில்லை. மழைத்துளிக்கு அப்படியில்லை. ஐப்பசி மாதப் பின்னேரம் கொழும்பில் இடியோடு கொட்டுகிற மழையை எடுங்கள். துளி 1000 மீற்றர் உயரத்திலிருந்து சீரான ஆர்முடுகலோடு விழுந்தால் தரையில் அதன் வேகம் 20000இன் வர்க்கமூலம், செக்கனுக்கு 141 மீற்றர். மணிக்கு 500 கிலோமீற்றருக்கும் மேல். குடை ஓட்டை ஓட்டையாகியிருக்கும். உண்மையில் பெரிய துளிகூடச் செக்கனுக்கு 9 மீற்றர் அளவில்தான் வந்து விழுகிறது. வேகம் கூடக் கூடக் காற்றின் தடையும் கூடி, கடைசியில் ஈர்ப்பைச் சமன்செய்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஆர்முடுகலே இல்லை. இந்தச் சமன்பாடுகளை அங்கே போட முடியாது. கணக்கில் "காற்றுத் தடையைப் புறக்கணிக்க" என்று ஒரு வரி வருவது இதற்காகத்தான்.

கடைசியாக எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. இதில் இரண்டு பேர் ஓடுகிறார்கள்.

155 பஸ் தரிப்பிடத்திலிருந்து அப்போதுதான் கிளம்புகிறது, ஆர்முடுகல் 1. அதற்கு 16 மீற்றர் பின்னால் ஒருவர் மாறாத வேகத்தில், செக்கனுக்கு 6 மீற்றர், ஓடி வருகிறார். எப்போது பிடிப்பார்? மனிதர் போன தூரம் 6 × நேரம். பஸ் போனது ½ × நேரம்². பிடிக்கும் கணத்தில் மனிதர் பஸ்ஸைவிட 16 மீற்றர் கூட ஓடியிருக்க வேண்டும். ஒழுங்குபடுத்தினால் நேரம்² − 12 × நேரம் + 32 = 0. விடை 4, அல்லது 8.

இந்த முறை இரண்டும் நேர் எண். எதை வெட்டுவது?

"ரெண்டும் வருமோ?" என்றாள் பிள்ளை. பிறகு தானே படம் கீறினாள். பஸ்ஸுக்கு ஏறுகிற கோடு, மனிதருக்குக் கிடையான கோடு. 4 செக்கனில் பஸ்ஸின் வேகம் 4, மனிதர் 6, அவர் இன்னும் வேகமாகத்தான் ஓடுகிறார். அப்போது ஏறாமல் விட்டால் பஸ்ஸைத் தாண்டி முன்னால் போய்விடுவார். பஸ்ஸோ வேகம் கூட்டிக்கொண்டே வருகிறது. 8ஆவது செக்கனில் பஸ் 8 வேகத்தில் அவரை மறுபடி கடக்கிறது. இரண்டு விடையும் உண்மை.

"16க்குப் பதிலா 20 போட்டுப் பார்" என்றேன்.

நேரம்² − 12 × நேரம் + 40 = 0. வர்க்கமூலத்துக்குள்ளே 144 − 160, மறை 16. அப்படியொரு நேரமே இல்லை. மனிதர் ஒரு கட்டத்தில் 2 மீற்றர் வரைக்கும் நெருங்குவார், பிறகு இடைவெளி மறுபடி கூடத் தொடங்கும்.

"அப்ப எவ்வளவு தூரத்தில நிண்டா மட்டுமட்டாப் பிடிக்கலாம்?"

அவளே போட்டாள். 18 மீற்றர். ஒரே ஒரு விடை, 6 செக்கன். அந்தக் கணத்தில் பஸ்ஸின் வேகமும் 6, மனிதரின் வேகமும் 6. புட்போர்ட் அவருக்குப் பக்கத்தில் அசையாமல் நிற்கிற மாதிரி இருக்கும், ஒரு கணம்.